மிதிச்சா பெடல் கீழே போகுதா? சைலன்சரில் நீலப் புகையா? பழைய அம்பாசிடர், பத்மினி கார்களில் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

வருஷம் முழுக்க ஷெட்டில் நிற்கும் தாத்தா காலத்து காரை ஆயுதபூஜைக்குக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பேட்டரி மாற்றினால் என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் தெருமுனையில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் சிக்கல் தெரியும். பெடல் நேராக அடிவரை போகும், வண்டி நிற்காது.

பழைய கார்களில் ஓடாமல் போகும் கோளாறு செலவு வைக்கும், அவ்வளவுதான். நிற்காமல் போகும் கோளாறும், புகை காருக்குள் வரும் கோளாறும் உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டும் வருவதற்கு முன் என்னென்ன அறிகுறி காட்டும், வீட்டிலேயே எதைச் சோதிக்கலாம், எப்போது மெக்கானிக்கிடம் விட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

எந்தக் கார்களுக்கு இது பொருந்தும்?

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசிடர், 1957 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. ஃபியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினி மும்பையில் தயாரானது. 1960-களில் சென்னையில் தயாரானது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இந்த மூன்று கார்களின் பழைய மாடல்களுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு: நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், என்ஜினில் கார்புரேட்டர், சைலன்சர் லைனில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கிடையாது. அதனால் கோளாறுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும்.

டிரம் பிரேக் வேலை செய்யும் விதம் எளிது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய் வழியே தள்ளும். ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டர் அந்த அழுத்தத்தில் விரிந்து, இரண்டு பிரேக் ஷூக்களைச் சுழலும் டிரம்மின் உள்பக்கம் அழுத்தும். காலை எடுத்தால் ஸ்பிரிங் ஷூவைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

இதில் முக்கியமான ஆபத்து ஒன்று உண்டு. பழைய மாடல்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆயில் லைன்தான். இன்றைய கார்களில் இரண்டு தனித்தனி லைன் இருப்பதால், ஒன்று போனாலும் இன்னொன்று ஓரளவு நிறுத்திவிடும். பழைய வண்டியில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் கால் பிரேக் ஒரே நேரத்தில் போய்விடும். மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக்கும் கியரும் மட்டுமே.

'பெடல் அடி வரைக்கும் போகுது'

பழைய கார் வைத்திருப்பவர்கள் அதிகம் சொல்லும் புகார் இதுதான். வண்டியை நிறுத்திய நிலையில், காலால் செய்யும் ஒரு சின்ன சோதனையிலேயே காரணத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

* முதல் மிதியில் கீழே போகிறது, அடுத்தடுத்து மிதித்தால் மேலே வந்து கெட்டியாக நிற்கிறது: ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது. லைனிங் தேய்ந்திருக்கலாம், அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.
* மிதிக்க மிதிக்க மேலே வருகிறது, ஆனால் பஞ்சை மிதிப்பது போல் இருக்கிறது: லைனில் காற்று புகுந்திருக்கிறது. ஏர் எடுக்க வேண்டும்.
* கெட்டியாக நிற்கிறது, ஆனால் காலை அப்படியே அழுத்தி வைத்திருந்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது: எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. வெளியே சொட்டு ஆயில்கூட தெரியவில்லை என்றால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேல்தான்.
* எத்தனை முறை மிதித்தாலும் எதுவுமே இல்லை: ஆயில் தீர்ந்துவிட்டது அல்லது பெரிய கசிவு. வண்டியை ஓட்டவே கூடாது, டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

டிரம் பிரேக்கில் லைனிங் தேய்வதால் ஆயில் அளவு பெரிதாக இறங்காது. எனவே டேங்கில் அளவு குறைந்துகொண்டே போனால், 'ஊத்திட்டா போச்சு' என்று விடாமல் கசிவைத் தேட வேண்டும். நான்கு சக்கரத்தின் உள்பக்கம், டயர் ஓரம், குழாய் இணைப்புகள், பெடலுக்கு மேலும் கீழும் உள்ள பகுதி ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

'ஒரு பக்கமா இழுக்குது'

பிரேக் அடிக்கும்போது ஸ்டியரிங் இடதோ வலதோ இழுத்தால், எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் உண்மை நேர் எதிர். நன்றாகப் பிடிக்கும் சக்கரத்தின் பக்கம்தான் வண்டி இழுக்கும். இடது பக்கம் இழுத்தால், வலது சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம்.

முதலில் டயர் காற்றைப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் பிடிக்காத பக்கத்து டிரம்மைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்து இறுகிய வீல் சிலிண்டர், ஆயிலோ கிரீஸோ பட்டு நனைந்த லைனிங், ஒரு பக்கம் மட்டும் தளர்ந்த அட்ஜஸ்ட்மென்ட் ஆகியவையே வழக்கமான காரணங்கள்.

நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது பலன் தராது. உள்ளே ஊறிய எண்ணெய், டிரம் சூடானதும் மீண்டும் வெளியே வரும். லைனிங்கை மாற்றுவதுதான் வழி. அதுவும் ஒரு சக்கரத்துக்கு மட்டும் போடாமல், அதே ஆக்சிலின் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே போட வேண்டும். பின் சக்கரத்தில் நனைந்திருந்தால், அது பிரேக் ஆயிலா ஆக்சில் ஆயிலா என்று பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் தண்ணீர் போல இருக்கும், தண்ணீர் ஊற்றினால் கரையும். ஆக்சில் ஆயில் கெட்டியாக, கடுமையான நெடியோடு இருக்கும், தண்ணீரில் கரையாது. ஆக்சில் ஆயில் என்றால் சீலை மாற்றாமல் லைனிங் மாற்றிப் பயனில்லை.

'கொஞ்ச தூரம் ஓடினதும் பிரேக் ஜாம் ஆகுது'

வண்டி கிளம்பும்போது நன்றாக இருக்கும். பத்து, பதினைந்து கிலோமீட்டரில் இழுக்கத் திணறும். சக்கரத்தைத் தொட்டால் கொதிக்கும். இதில்தான் பலர் தேவையில்லாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பணத்தை விடுகிறார்கள். வரிசையாகச் சோதித்தால் காரணம் பிடிபடும்.

சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு அண்டை கொடுத்துவிட்டு, ஜாம் ஆன சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துக்கொள்ள வேண்டும். பின் சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக் விடுபட்டிருக்கிறதா, அதன் கேபிள் துருவேறி இறுகியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியே வரும் குழாய் இணைப்பை லேசாகத் தளர்த்த வேண்டும். சக்கரம் உடனே சுற்றினால், அழுத்தம் மாஸ்டர் சிலிண்டரிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. பெடலில் இருந்து வரும் புஷ் ராடுக்கு இருக்க வேண்டிய சிறு இடைவெளி இல்லாமல் போனால், ஆயில் திரும்பி வரும் துளை மூடிக்கொள்ளும். அந்த இடைவெளியை மேனுவலில் உள்ள அளவுக்குச் சரிசெய்தாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

அங்கே தளர்த்தியும் சுற்றவில்லை, ஆனால் சக்கரத்தில் உள்ள நிப்பிளைத் திறந்ததும் சுற்றுகிறது என்றால் குற்றவாளி ரப்பர் ஹோஸ். வெளியே புதிதுபோல் தெரியும் ஹோஸ் உள்ளுக்குள் உப்பிப்போய், ஆயிலை ஒரு பக்கம் மட்டும் விடும். காலின் அழுத்தத்தில் உள்ளே போகும் ஆயில், ஸ்பிரிங் இழுப்புக்குத் திரும்பி வராது. நிப்பிளைத் திறந்தும் சுற்றவில்லை என்றால் பிரச்சினை டிரம்முக்குள்: இறுகிய வீல் சிலிண்டர், உடைந்த ஸ்பிரிங், அல்லது அளவுக்கு மீறி இறுக்கிய அட்ஜஸ்டர்.

இந்தச் சோதனைக்காக எதைத் தளர்த்தினாலும், முடிந்ததும் இறுக்கி, ஏர் எடுத்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும்.

அட்ஜஸ்ட் செய்வதும் ஏர் எடுப்பதும்

ஏர் எடுப்பதற்கு முன் ஷூ அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். இந்த வரிசை முக்கியம். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைத் தூக்கி, அட்ஜஸ்டரை டிரம் பிடிக்கும் வரை திருப்ப வேண்டும். பிறகு சக்கரம் தடையில்லாமல் சுற்றும் வரை ஒன்றிரண்டு கிளிக் பின்னால் விட வேண்டும். முன் சக்கரத்தில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனி அட்ஜஸ்டர் உள்ள வண்டிகளில் இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொடுவது கடைசி வேலை. ஷூவைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் இறுக்கினால், ஹேண்ட் பிரேக் பிடிப்பதுபோல் தெரியும், பின் பிரேக் ஜாம் ஆகும்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். நம் ஊர் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் பொதுவாக இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்ற வரிசை வரும். நிப்பிளில் ஒரு தெளிவான ரப்பர் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வைக்க வேண்டும். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, பெடல் அடிக்கு வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். குமிழி நிற்கும் வரை இதைத் தொடர வேண்டும். நடுவில் டேங்க் காலியானால் மறுபடி காற்று புகுந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எந்த ஆயில் ஊற்றுவது?

பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. என்ஜின் ஆயில் போன்ற மினரல் ஆயில் சில சொட்டு கலந்தாலும் ரப்பர் கப்புகள் உப்பிவிடும், மொத்த ரப்பர் கிட்டையும் மாற்ற நேரிடும்.

டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அதற்கான வரம்பு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இது முறையே 230, 155 டிகிரி. மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் அடித்து இறங்கும்போது, பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும் என்பதால் பெடல் திடீரென்று கீழே போகும். 70 கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலைப் பாதையிலோ, ஊட்டி கல்லட்டி இறக்கத்திலோ இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது நல்லது. இறக்கத்தில் ஏறும்போது போட்ட அதே கியரில் இறங்க வேண்டும், நியூட்ரல் போடவே கூடாது.

சிலிக்கான் வகையான டாட் 5 ஆயிலை டாட் 3, டாட் 4 உடன் கலக்கக் கூடாது. இன்னொரு எச்சரிக்கை: பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

டிரம்மைக் கழற்றும்போது தூசியை வாயாலோ ஏர் கம்ப்ரசராலோ ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

புகையின் நிறம் என்ன சொல்கிறது?

இனி எக்ஸாஸ்ட் பக்கம் வருவோம்.

* காலையில் ஸ்டார்ட் செய்ததும் லேசான வெண்புகை, சூடானதும் மறைகிறது: அது நீராவி. பயப்பட வேண்டாம்.
* சூடான பிறகும் அடர்த்தியான வெண்புகை, இனிப்பான நெடி, ரேடியேட்டரில் கூலன்ட் குறைகிறது: ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். தொடர்ந்து ஓட்டினால் என்ஜினுக்கே வேட்டு.
* நீலப் புகை: என்ஜின் ஆயில் எரிகிறது. ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வந்து, மறுபடி மிதிக்கும்போது குபுகுபு என்று வந்தால் வால்வு கைடு, வால்வு சீல். ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்.
* கறும்புகை: பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சோக் முழுதாகத் திறக்காமல் இருப்பது, அடைத்த ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் மிதவை கோளாறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பிரேக்கும் புகையும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. வேக்குவம் பூஸ்டர் உள்ள பிந்தைய மாடல்களில், மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் கிழிந்தால் பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கும். அங்கிருந்து என்ஜின் அதை உறிஞ்சி எரிக்கும். சைலன்சரில் வெண்புகை வரும், பிரேக் ஆயில் குறையும், ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. வெண்புகை என்றதும் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன், பிரேக் ஆயில் அளவை ஒருமுறை பார்த்துவிடுவது பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

'டப் டப்', 'டிக் டிக்', 'உஸ்'

சத்தமும் துப்பு கொடுக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி அடைபடுவதால்தான் சத்தம் குறைகிறது. இணைப்பு ஓரத்தில் கரி படிந்திருந்தால் உறுதி.

ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் 'டப் டப்' வெடிச் சத்தம் வந்தால், குழாய் இணைப்பில் காற்று உள்ளே போகிறதா, கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கிறதா, இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்சிஜனும் சேர்ந்தே வருகிறது. அதனால் பழைய கார்புரேட்டர் செட்டிங்கில் கலவை மெலிந்துவிடும். பழைய ரப்பர் பெட்ரோல் டியூபுகளையும் எத்தனால் கெடுக்கும் என்பதால் அவற்றையும் மாற்றிவிட வேண்டும்.

கசிவைத் தேட எளிய வழி: ஐடிலில் ஓடும்போது, கையுறை போட்டுக்கொண்டு, மடித்த தடிமனான ஈரத்துணியைச் சைலன்சர் வாயில் ஓரிரு விநாடி அழுத்த வேண்டும். எங்கே ஓட்டையோ அங்கே 'உஸ்' என்று கேட்கும்.

வால்வு நிலையை அறிய ஒரு காகிதம் போதும். ஐடிலில் சைலன்சர் வாய்க்கு நேரே பிடித்தால் காகிதம் சீராக வெளியே தள்ளப்பட வேண்டும். அவ்வப்போது உள்ளே இழுக்கப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கலாம். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் வடிவமைக்கப்பட்ட என்ஜின்களில் ஈயம்தான் வால்வு சீட்டுக்குப் பாதுகாப்பாக இருந்தது. அந்த எந்திரங்களில் வால்வு இடைவெளியை அடிக்கடி சரிபார்ப்பது இதனால்தான் அவசியம்.

வண்டி ஸ்டார்ட் ஆகி உடனே நின்றால், அல்லது வேகமே எடுக்காமல் திணறினால், சைலன்சர் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். உள்ளே இருக்கும் தகடு உதிர்ந்து அடைப்பது ஒரு காரணம். நெடுநாள் நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டுவதும், எலி குப்பை சேர்ப்பதும் சாதாரணம்.

குறைந்த தூரமே ஓடும் காரில் சைலன்சர் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். சைலன்சர் முழுதாகச் சூடானால்தான் அது ஆவியாகப் போகும். ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது வண்டிக்கு நல்லதல்ல. எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

காருக்குள் புகை நெடி வந்தால்...

இதைத்தான் பலர் 'பழைய வண்டின்னா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறார்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தூக்கக் கலக்கம்தான் முதல் அறிகுறிகள். பின் சீட்டில் குழந்தைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் சோர்ந்து தூங்கினால் பயணக் களைப்பு என்று நினைக்கக் கூடாது. உடனே நிறுத்தி, எல்லோரையும் வெளியே இறக்க வேண்டும். அறிகுறி இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காரணம் சைலன்சர் ஓட்டை மட்டும் அல்ல. தரைத் தகட்டில் துரு ஓட்டை, பெடல், ஒயர் செல்லும் துளைகளில் காணாமல் போன ரப்பர், டிக்கி மூடியின் தேய்ந்த ரப்பர் ஆகியவை வழியாகவும் புகை உள்ளே வரும். டிக்கியைத் திறந்து வைத்து ஓட்டினால் பின்னால் வெளியேறும் புகையைக் காரே உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடிய ஷெட்டில் ஒரு நிமிடம்கூட என்ஜினை ஓடவிடக் கூடாது.

புகைப் பரிசோதனை, பதிவு: விதி என்ன?

2000-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சைலன்சரில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவு குறைவாகக் காட்டலாம். சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதற்காக என்ஜின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய, வணிகப் பயன்பாடு இல்லாத வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும். ஆனால் அந்தப் பதிவில் உள்ள காரைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது.

வண்டியை எடுக்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை

1. பிரேக் ஆயில் அளவைப் பார்க்கவும். குறைந்திருந்தால் காரணம் தெரியாமல் எடுக்க வேண்டாம்.
2. பெடலை மிதித்து ஒரு நிமிடம் பிடிக்கவும். இறங்கக் கூடாது.
3. நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவும்.
4. ஹேண்ட் பிரேக் சரிவில் வண்டியை நிறுத்துகிறதா என்று பார்க்கவும்.
5. ஷெட்டுக்கு வெளியே தள்ளி ஸ்டார்ட் செய்து, புகை நிறத்தையும் சத்தத்தையும் கவனிக்கவும்.
6. காலி இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்துக்குள் இரண்டு, மூன்று முறை பிரேக் அடித்துப் பார்த்த பிறகே சாலைக்கு வரவும்.

ஓடும்போது பிரேக் போய்விட்டால், பெடலை வேகமாகப் பலமுறை மிதிக்க வேண்டும். சில நேரம் கொஞ்சம் பிடிக்கும். கூடவே ஒவ்வொரு கியராகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஹாரன் அடித்தபடி ஓரம் கட்ட வேண்டும். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிடக் கூடாது. அணைத்தால், ஸ்டியரிங் லாக் உள்ள வண்டியில் திருப்ப முடியாமல் போகலாம்.

வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கழற்றிப் பூட்டிய அனுபவம் இல்லாதவர்கள், கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொண்டு, பழைய வண்டி தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. அறிகுறியைத் தெளிவாகச் சொன்னாலே அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். உங்களுக்கும் தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவு மிச்சம்.